வெள்ளித் தண்ணீரைச் சுமந்து பூந்தமல்லிக்கு

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு முத்தாபுதுப்பேட்டை நிறுத்தத்தில் நானும் என் மூத்த மகள் கயல்விழியும் ஆவடி பஸ் ஏறினோம். எங்கள் ஊரிலிருந்து ஆவடி ஆறு கிலோமீட்டர், அங்கிருந்து பூந்தமல்லி பதினொன்று, அப்புறம் செம்பரம்பாக்கம் இன்னும் ஏழு. கூட்டிப் பார்த்தால் இருபத்து நாலு கிலோமீட்டர்தான். பிள்ளைகளே, இமயமலைக்குப் போனவர்கள் எழுதுவதைப் படித்திருப்பீர்கள். இந்த இருபத்து நாலு கிலோமீட்டரை எழுத என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். வாழ்க்கையில் நான் இவ்வளவு பயந்து போன பயணம் வேறு கிடையாது.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். கயல் கல்லூரியில் அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு. அவளுக்குச் சர்வதேச உறவுகள் என்று ஒரு பாடம். அதில் சுற்றுச்சூழல் பற்றி ஒரு பகுதி வருகிறது. உங்கள் பகுதியில் ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது எந்தெந்த நாட்டைத் தொட்டு வந்தது என்று எழுதி வாருங்கள் என அவள் பேராசிரியர் சொல்லியிருந்தார். செம்பரம்பாக்கத்தில் என் மச்சினி செல்வி ஒரு பழைய பேப்பர் கிடங்கில் தரம் பிரிக்கிற வேலை செய்கிறாள். கப்பலில் வெளிநாட்டுப் பேப்பர் கட்டுக்கட்டாக அங்கே வருகிறது. அதைப் பார்க்கத்தான் கிளம்பினோம். எட்டு வயதாகும் என் சின்ன மகள் யாழினி அரையாண்டு விடுமுறைக்குச் சித்தி வீட்டில் இருந்தாள். அவளையும் அழைத்து வர வேண்டும்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் கேட்டேன். “நாட்டுக்கு நாடு சண்டை, சமாதானம், இதானே உங்க பாடம்? அதுல குப்பை எங்கம்மா வந்துச்சு?”

“குப்பையே ஒரு சண்டைதான்ப்பா. பக்கத்து வீட்டுக்காரர் அவர் குப்பையை நம்ம வாசல்ல கொட்டினா சும்மா விடுவீங்களா?”

“விடுவேனா!”

“அதையே கட்டி, மேல பழைய பேப்பர்னு எழுதி, கம்மி விலைக்குக் குடுத்தா?”

நான் யோசித்தேன். பட்டறையில் இரும்புத் துண்டு வாங்குகிற ஆள்தானே நான். “வாங்கிடுவேன்” என்றேன்.

“அதான். குப்பையைச் சுத்தம் பண்ண அங்க செலவு அதிகம். இங்க அனுப்பிட்டா கம்மி. அதனால நாடுங்க சேர்ந்து ஒப்பந்தம் போட்டிருக்காங்க. ஆபத்தான குப்பைன்னா, அனுப்புற நாடு முதல்ல சொல்லணும். வாங்குற நாடு சம்மதிக்கணும். அப்புறம்தான் கப்பல் ஏத்தணும். ஆனா மேல பேப்பர்னு எழுதியிருந்தா, உள்ள என்ன இருக்குன்னு யாருப்பா பிரிச்சுப் பாக்கறது?”

“உங்க சித்திதான்” என்று சிரித்தேன்.

எட்டு மணிக்கு ஆவடி. பூந்தமல்லி வண்டிக்காக நின்றபோது, நேற்று யாழினி போனில் சொன்னது ஞாபகம் வந்தது. வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

“உன் தங்கச்சி நேத்து ஒரே கதை. சித்தி வீட்டு சாமி மாடத்துல வெள்ளித் தண்ணி இருக்காம். தொட்டா கை நனையாதாம். கீழ விட்டா குட்டிக் குட்டி உருண்டையா ஓடுதாம்.”

கயல் சிரிக்கவில்லை. “எங்க இருக்குன்னு சொன்னா?”

“சாமி மாடத்துல.”

“அப்பா, அது பாதரசம்.”

பாதரசம் எனக்குத் தெரியும். காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாயில் இருக்குமே. அதற்கு ஏன் இவள் முகம் இப்படி ஆகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கயல் தன் பழைய பள்ளி வேதியியல் டீச்சருக்குப் போன் போட்டாள். டீச்சர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கயல் அதை என்னிடம் திருப்பிக் கேட்டாள்.

“மாடத்துல விளக்கு எரியுமா?”

காலையும் மாலையும் செல்வி விளக்கேற்றாமல் இருந்ததில்லை.

டீச்சர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி உங்களுக்குச் சொல்கிறேன். பாதரசம் திரவமாக இருக்கும்போதே ஆவியாகிக்கொண்டும் இருக்கும். அந்த ஆவிக்கு நிறமில்லை, வாசனையில்லை. சூடு பட்டால் வேகமாக வரும். மூச்சில் போய் நுரையீரலைக் கெடுக்கும், நரம்பைக் கெடுக்கும். பெரியவர்களைவிடக் குழந்தைகளைச் சீக்கிரம் பிடிக்கும். செல்வி வீடு ஒரே அறை, ஒரே ஜன்னல். யாழினி படுப்பது மாடத்துக்கு நேர் கீழே.

செல்விக்குப் போன் போட்டோம். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றே வந்தது. திரும்பத் திரும்பப் போட்டேன். அந்தக் குரல் சலிக்காமல் அதையே சொன்னது.

பூந்தமல்லி பஸ் வந்தது. எனக்குப் பதினைந்து ரூபாய் டிக்கெட், கயலுக்கு மகளிர் இலவசச் சீட்டு. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மனிதர்கள் நிம்மதியாக நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்க எனக்குக் கோபமாக வந்தது. காடுவெட்டிப் பாலத்தில், கீழே கூவம் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை, எங்கள் பஸ்ஸும் அப்படியே. கரையான்சாவடி வந்ததும் சுத்தமாக நின்றுவிட்டது. நான் எழுந்து எழுந்து முன்னால் பார்த்தேன்.

“இன்னா சார், எட்டி எட்டிப் பாக்குற?” என்றார் கண்டக்டர். “நீ பாத்தா வண்டி பறந்துடுமா? குந்து.”

குந்தினேன். கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாடத்தில் படித்தது தன் தங்கச்சி தலைமாட்டில் வந்து உட்காரும் என்று எந்தப் பிள்ளை நினைக்கும்?

பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோவுக்குத் தலைக்கு முப்பது ரூபாய். மெட்ரோத் தூண்கள், நசரத்பேட்டை, நெடுஞ்சாலை. செம்பரம்பாக்கத்தில் இறங்கியபோது ஒன்பதரை தாண்டிவிட்டது. என் மாமனார் ஏரிப் பாசனத்தில் கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில் இப்போது வரிசையாகக் கிடங்குகள். நீலத் தகரக் கூரைகளுக்குப் பின்னால் வாடகை வீடுகள். நான் ஓடினேன். இந்த வயதில் அப்படி ஓடினது எனக்கே ஆச்சரியம்.

செல்வி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். “இன்னா மாமா, மூச்சு வாங்க ஓடியாற? யாருக்கு இன்னா ஆச்சு?”

“போன் ஏன் அணைஞ்சிருக்கு?”

“சார்ஜ் இல்ல. அதுக்கா இந்த ஓட்டம்? இன்னிக்கி லோடு வர்ல, அதான் ஊட்லயே கீறேன்.”

கயல் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் வாயால் ஊதி அணைத்தாள்.

“அய்யய்ய! சாமி வெளக்க எச்ச வாயால ஊதுறியே, நீ படிச்ச பொண்ணா?” செல்வி ஈரக் கையோடு ஓடி வந்தாள். “மலையேத்தணும்னா பூவால அணைக்கணும்னு உங்கம்மா சொல்லித் தர்ல?”

“சித்தி, வெளிய வாங்க. யாழினி, நீயும் வா!”

யாழினி பாயில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். இருமினாள். காய்ந்த இருமல். “ரெண்டு நாளா இப்படித்தான். பனி ஒத்துக்கல” என்றாள் செல்வி.

வாசலில் நின்றபடி அந்த மாடத்தை நானும் பார்த்தேன். ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் அது இருந்தது. பிள்ளைகளே, உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு அழகு. நிலாவை உருக்கி ஊற்றினாற்போல. பக்கத்தில் செல்வியின் பித்தளைக் குத்துவிளக்கு. அதன் அடிப்பாகம் முழுக்க வெள்ளியாக மாறியிருந்தது.

“பாத்தியா மாமா?” செல்வியின் குரல் தாழ்ந்தது. “கட்டு பிரிக்கும்போது அடியில ஒரு பாட்டிலு. மேல எழுதனது இன்னா பாஷையோ. தொறந்தா இது. போன வார வெள்ளிக்கெழம. இந்த ரசத்துலதான் லிங்கம் பண்ணுவாங்க, சாமி சமாச்சாரம்னு எங்கம்மா சொல்லும். எடுத்தாந்து வெச்சேன். ஒரு துளி பட்டுச்சு, பித்தள வெள்ளி ஆயிடுச்சி. வேற்காட்டு அம்மாவே எறங்கி வந்துகீறான்னு நெனச்சேன்.”

பாதரசம் பட்டால் பித்தளை வெளுக்கும், தங்கமும் வெளுக்கும். பட்டறைக்காரன் எனக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் நான் யாழினியின் கையைப் பார்த்தேன். அவள் வலது கையைப் பாவாடைக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

“கையைக் காட்டும்மா.”

“மாட்டேன்.”

“அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

மெதுவாக வெளியே எடுத்தாள். பிறந்தநாளுக்கு அவள் அம்மா சேர்த்து வைத்து வாங்கிக் கொடுத்த அரைக் கிராம் தங்க மோதிரம். வெள்ளையாக இருந்தது. “நான் ஒண்ணுமே பண்ணலப்பா. சும்மா உருட்டி விளையாண்டேன். அதுவா கலர் போயிடுச்சு. அம்மா அடிப்பாங்க.”

மோதிரம் இருந்த விரல் லேசாக நடுங்கியது. பயத்திலா, வேறு எதிலா? எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை அந்த விரல்தான் என் கண்ணில் நிற்கிறது.

“சித்தி, அது விஷம்” என்றாள் கயல். செல்வி அந்த மோதிரத்தைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள். வாசலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

கயல் மறுபடி டீச்சருக்குப் போன் போட்டாள், அவர் சொல்லச் சொல்லச் செய்தோம். எல்லோரும் வெளியே இருக்க வேண்டும், ஒருவர் மட்டும் உள்ளே போகலாம். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, பெருக்கினால் பொடிப்பொடியாகச் சிதறும். தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. நான்தான் உள்ளே போனேன். கயல் போகிறேன் என்றாள், தகப்பன் எதற்கு இருக்கிறேன்? கதவையும் ஜன்னலையும் திறந்து காற்று ஓடவிட்ட பிறகு, மூக்கில் துண்டு கட்டி, கிண்ணத்தில் இருந்ததை ஒரு ஊறுகாய் பாட்டிலில் சாய்த்தேன். தரையில் கிடந்த உருண்டைகளைக் கல்யாணப் பத்திரிகை அட்டையால் ஒன்று சேர்த்து அள்ளினேன். பாயின் கோரைக்குள்ளேகூட இரண்டு இருந்தன. மேலே தண்ணீர் ஊற்றி இறுக்கி மூடினேன். நூலளவு பிசகாமல் லேத்தில் கடைகிற கை இது. அந்தக் கை அன்றைக்கு ஒரு மூடியை மூன்று தரம் திருகிப் பார்த்தது. பாய், மோதிரம், விளக்கு எல்லாவற்றையும் இரட்டைக் கவரில் கட்டி வெளியே பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் வைத்தோம். யாழினிக்கு வேறு சட்டை மாற்றினாள் கயல்.

பாட்டிலை அங்கேயே விட்டுப் போக முடியாது. வரிசை வீடுகள் முழுக்கப் பிள்ளைகள். போகிற வழியில் கிடங்கு வாசலில் நின்று மேற்பார்வையாளரைக் கூப்பிட்டோம். பாட்டிலைக் காட்டினேன். கிட்டே வரவில்லை.

“எங்களுக்கு வர்றது பேப்பர். பில்லுலயும் பேப்பர்னுதான் கீது. இது எங்களுது இல்ல.”

“உங்க கட்டுல இருந்துதானேங்க வந்துச்சு?”

“கட்டு எங்களுது. உள்ள கீறதுக்கு நான் இன்னா பண்ண? எங்கியாச்சும் போடு. ஏரி அம்மாம் பெருசா கீது, ஒரு பாட்டிலு தெரியவா போவுது?”

அதுவரை அழுதுகொண்டிருந்த செல்வி நிமிர்ந்தாள். “அந்த ஏரித் தண்ணியத்தான் உன் புள்ளயும் குடிக்குது. இன்னொரு தபா சொல்லு, உன் ஊட்டு சம்ப்புல ஊத்திட்டுப் போறேன்.”

அந்த ஆள் கேட்டைச் சாத்திக்கொண்டான்.

பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு உடனே வந்துவிடுங்கள், நானும் அங்கே வருகிறேன், பாட்டிலைப் பள்ளி ஆய்வகத்தில் பூட்டி வைக்கலாம் என்றார் டீச்சர். ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பதைவிட எதிரே வந்த ஷேர் ஆட்டோ சீக்கிரம் என்று கை காட்டினேன். உள்ளே ஏற்கெனவே ஒரு பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். நாங்கள் நாலு பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். யாழினி கயலின் மடியில். என் மடியில் மஞ்சப்பை, பைக்குள் பாட்டில். அந்தக் குழந்தை பையைப் பிடித்து இழுத்து விளையாடியது. நான் பையைக் கொஞ்சம் நகர்த்தினேன்.

கயல் என் காதருகே கேட்டாள். “அப்பா, இவங்ககிட்ட சொன்னீங்களா?”

“என்னத்த?”

“மடியில என்ன இருக்குன்னு.”

“மூடி இறுக்கமாதான் இருக்கு. சும்மா வா.”

“கட்டும் இறுக்கமாத்தான்ப்பா இருந்துச்சு.”

“சொன்னா எறக்கி விட்டுடுவாங்க. இவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேணாமா?”

“தெரியும்ப்பா” என்றாள். தங்கச்சியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள்.

யாழினி இருமினாள். பக்கத்துக் குழந்தை அதைப் பார்த்துச் சிரித்தது. மறுபடி பையைப் பிடித்தது.

நான் சொல்லிவிட்டேன். என்ன இருக்கிறது, எங்கே கிடைத்தது, என் பெண்ணுக்கு என்ன ஆயிற்று, எல்லாவற்றையும். அந்தப் பெண் பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு, “அண்ணா, வண்டிய நிறுத்துங்க” என்று கத்தினாள். நசரத்பேட்டை நிறுத்தம் அது.

டிரைவர் திரும்பினார். “இன்னா அண்ணாத்தே, பாம்ப மடில வெச்சிகினு, பச்சப்புள்ள பக்கத்துல குந்திகினு வர்றியே!”

“பாம்பு இல்லைங்க...”

“பாம்புன்னாகூட கண்ணுக்குத் தெரியும். ஓடிப்பூடலாம்.”

குழந்தைக்காரப் பெண் யாழினியைப் பார்த்தாள். “பாப்பா வரட்டும். அந்த பாட்டிலு மட்டும் வேணாம்.”

நான் இறங்கினேன். டிரைவர் காசு வாங்கவில்லை. “ஓரமா போ அண்ணாத்தே. லாரி இடிச்சி ஒடச்சிக்காத.” ஆட்டோ போய்விட்டது. பின்பக்கத் திறப்பு வழியாக யாழினியின் முகம் சின்னதாகிக்கொண்டே போனது. அப்பா வரலையா என்று கேட்டிருப்பாள்.

அங்கிருந்து ஆஸ்பத்திரி நாலு கிலோமீட்டர் இருக்கும். நடந்தேன். பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன். துறைமுகத்திலிருந்து வருகிற கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக என்னைக் கடந்தன. தரை அதிர்ந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் பூட்டும் சீலும் இருந்தன. இதற்குள் என்ன, இதற்குள் என்ன என்று மனசு கேட்டுக்கொண்டே வந்தது. முன்பெல்லாம் அந்த லாரிகளைப் பார்த்தால் நம் ஊர் வளர்கிறது என்று நினைப்பேன்.

பாதி வழியில் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்க ஒரு கையை விட வேண்டும். விடப் பயம். எடுக்காமல் இருக்கவும் பயம். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. நான் நடைபாதையில் உட்கார்ந்து, பாட்டிலை இரண்டு பாதங்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு எடுத்தேன்.

“அப்பா, டாக்டர் பாத்துட்டாரு” என்றாள் கயல். “மூச்சு பரவாயில்லையாம். ரத்தம், சிறுநீர் பாக்கணுமாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுக்கறாரு. சித்திக்கும் பாக்கணுமாம். நீங்க மெதுவா வாங்க.”

பரவாயில்லை என்ற சொல்லை அவள் எப்படிச் சொன்னாள் என்று நினைத்து நினைத்து மீதி வழியை நடந்தேன்.

ஆஸ்பத்திரிக்குள் பாட்டிலோடு போகக் கூடாது என்று நானே கேட்டுக்கு வெளியே நின்றேன். டீச்சர் ஸ்கூட்டரில் ஒரு மூடிபோட்ட வாளி நிறைய மணலோடு வந்தார். பாட்டிலை மணலுக்குள் புதைத்து மூடினார். வீட்டில் கட்டி வைத்த கவரையும் உரிய அலுவலகத்துக்கு எழுதி எடுக்கச் சொல்லலாம் என்றார். “இதோட முடிஞ்சுதாங்க மிஸ்?” என்று கேட்டேன். “எங்க முடியும்? இனிமே எங்க பீரோவுல இருக்கும்” என்றார். அவருக்கும் பயம் இருந்தது. இருந்தாலும் உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்துதான் வாங்கிக்கொண்டார்.

பரிசோதனை முடிவு பிறகு வந்தது. இருக்க வேண்டிய அளவைவிட அதிகம், ஆனால் நல்ல வேளையாக ஆரம்பத்திலேயே வெளியே எடுத்துவிட்டீர்கள், குறைகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். யாழினியின் இருமல் நின்றுவிட்டது. எழுத்து மட்டும் இன்னும் கொஞ்சம் ஆடுகிறது. ‘ழ’வுக்குச் சுழிக்கும்போது பென்சில் கோட்டைத் தாண்டிப் போகிறது. சாயந்திரம் அவள் வீட்டுப்பாடம் எழுதும்போது நான் பேப்பர் படிக்கிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். செல்வி இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். கிடங்கில் கூட வேலை செய்த பெண்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். அதில் ஒருத்தி, “எங்க ஊட்லயும் கொஞ்சம் கீதுக்கா” என்றாளாம்.

நான் அந்த நாலு கிலோமீட்டரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பையை அப்படி அணைத்துக்கொண்டு நடப்பவனைப் பார்த்தால் யாருக்கும் கேட்கத் தோன்றும். இளநீர்க்காரர் கேட்டார். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பள்ளிப் பெண்கள் கேட்டார்கள். கேட்ட எல்லோரிடமும், உள்ளே விஷம் இருக்கிறது, தள்ளி நில்லுங்கள் என்று சொன்னேன். எல்லோரும் சட்டென்று இரண்டடி பின்னால் போனார்கள். அந்த இரண்டடி போதும், பிள்ளைகளே. என் யாழினிக்கு அதை யாருமே கொடுக்கவில்லை.